கர்ப்பப்பையை அமைதியாக வைக்கும் வாயுக்கள்: மருந்தாக்குவதில் ஏன் நிதானம் தேவை?

எட்டாவது மாதம். ராத்திரி 2 மணிக்கு வயிறு இறுகுகிறது. 'இது சூட்டு வலியா, நிஜ வலியா?' என்று வீடே பதறுகிறது. பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. 37 வாரம் முடியும் முன் பிறந்தால் அது குறைப்பிரசவம். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 2020-இல் உலகம் முழுவதும் சுமார் 1.34 கோடி குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை.

சரி, மற்ற கர்ப்பங்களில் பத்தாவது மாதம் வரை வலி வராமல் தடுப்பது எது? முதல் காரணம் புரொஜெஸ்டிரான் ஹார்மோன். அதற்குத் துணையாக உடலே தயாரிக்கும் சில வாயுக்களும் இருக்கின்றன.

எந்த வாயுக்கள்?

நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. முதலாவது வாகனப் புகையில் இருப்பது. இரண்டாவது, மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடினால் உயிரை எடுப்பது. மூன்றாவது, அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணம். ஆனால் மிக மிகச் சிறிய அளவில் இவை நம் உடலின் தூதர்கள். வாயு என்பதால் செல்லின் சவ்வைத் தாண்டிப் போக இவற்றுக்குக் கதவு தேவையில்லை.

எப்படி வேலை செய்கின்றன?

கர்ப்பப்பைச் சுவர் மென்தசையால் ஆனது. இந்தத் தசைச் செல்லுக்குள் கால்சியம் கூடினால் தசை இறுகும், குறைந்தால் தளரும். பிரசவ வலி என்பது இந்த இறுக்கம் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதுதான்.

ரத்தக்குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடு, 'சிஜிஎம்பி' என்ற மூலக்கூறைப் பெருகச் செய்து கால்சியத்தைக் குறைக்கிறது. குழாய் விரிகிறது. இதைக் கண்டறிந்த ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது.

கர்ப்பப்பையில் கணக்கு கொஞ்சம் வேறு. சிஜிஎம்பி வழியை அடைத்தாலும் நைட்ரிக் ஆக்சைடு அந்தத் தசையைத் தளர்த்துவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. இன்னொரு ஆச்சரியமும் உண்டு. கர்ப்பப்பைச் சுவரை அமைதியாக வைக்கும் இதே வாயு, பிரசவ நேரத்தில் கர்ப்பப்பை வாயில் அதிகரித்து, அது இளகித் திறக்க உதவுகிறது. மற்ற இரண்டு வாயுக்களைப் பற்றிய சான்றுகள் பெரும்பாலும் ஆய்வகத்திலிருந்தும் விலங்குச் சோதனைகளிலிருந்தும் வந்தவை.

அப்போ மருந்தாகக் கொடுத்துவிடலாமே?

அப்படித்தான் பலரும் நினைத்தார்கள். குறைப்பிரசவ வலியை நிறுத்த நைட்ரோகிளிசரின் பட்டைகளை ஒட்டிப் பார்த்தார்கள். பலருக்குத் தலைவலி வந்தது. வழக்கமான சிகிச்சையாக்கும் அளவுக்குப் பலன் உறுதியாகவில்லை. பிரசவ அறையில் சில அவசர நேரங்களில் கர்ப்பப்பையைச் சில நிமிடங்கள் தளர்த்த மட்டும் அது இன்றும் பயன்படுகிறது.

அதைவிடப் பெரிய பாடம் நெதர்லாந்தில் கிடைத்தது. சிஜிஎம்பி சிதையாமல் காக்கும் மருந்து சில்டெனாஃபில். வயாக்ரா என்றால் எல்லோருக்கும் தெரியும். வளர்ச்சி குறைந்த கருவுக்கு ரத்த ஓட்டம் கூடும் என்ற நம்பிக்கையில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து ஆய்வு நடந்தது. மருந்து பெற்ற தாய்மார்களின் குழந்தைகளில் 11 பேர் நுரையீரல் பாதிப்பால் இறந்தது தெரியவந்ததும், 2018 ஜூலையில் ஆய்வு நிறுத்தப்பட்டது. காகிதத்தில் தர்க்கம் சரியாகவே இருந்தது. உடல் அதைக் கேட்கவில்லை.

நமக்கு இதில் என்ன?

நம் ஊரில் குழந்தையின் எடை குறைவு என்றதும் எல்-ஆர்ஜினைன் பொடி எழுதித் தருவது சாதாரணம். நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்க உடல் பயன்படுத்தும் மூலப்பொருள் அது. சிறிய ஆய்வுகள் சில நம்பிக்கை தருகின்றன. ஆனால் எல்லாக் கர்ப்பிணிக்கும் பொருந்தும் மருந்தாக அது நிரூபிக்கப்படவில்லை. மருத்துவர் எழுதினால் 'இது எனக்கு எதற்கு டாக்டர்?' என்று கேட்பதில் தவறே இல்லை. பொறுமையாகப் பதில் சொல்வது மருத்துவரின் கடமை. அதையே ஆன்லைனில் பார்த்து நாமாக வாங்கிக் குடிப்பது வேறு விஷயம். அது வேண்டவே வேண்டாம்.

கர்ப்பிணிகளிடம் ஆய்வு செய்யத் தயங்குவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் ஆய்வே இல்லாமல் பழக்கத்தால் மட்டும் மருந்து கொடுப்பது அதைவிடப் பாதுகாப்பானது அல்ல. குறைமாதக் குழந்தைகள் அதிகம் பிறக்கும் நாடு, கண்காணிப்புடன் கூடிய பெரிய ஆய்வுகளுக்கும் அதிகம் செலவிட வேண்டும்.

அதுவரை வீட்டில் தெரிந்திருக்க வேண்டியது இதுதான். 37 வாரத்துக்கு முன் விட்டு விட்டுச் சீராக வலி வந்தாலோ, பனிக்குட நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். அது சூட்டு வலிதான் என்று தெரிந்தால், நிம்மதியாகத் திரும்பி வரலாம்.