கடைசிப் பேச்சும் உங்களுக்காகவே!



மேலூரிலிருந்து கிழக்கே, திருப்பத்தூர் வழியாகப் போனால் புதுக்கோட்டை மாவட்டம் வரும். அங்கே திருமயத்துக்குப் பக்கத்தில் இராயவரம் என்று ஓர் ஊர். மேலூரிலிருந்து எதிர்ப்பக்கம் போய், மதுரை நகரையும் தாண்டினால் தேனி சாலையில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் ஒரு பெரியவர் வாழ்க்கையில் தொடர்பு உண்டு. ஒன்றில் அவர் பிறந்தார். மற்றொன்றில் கடைசியாகப் பேசினார்.

அவர்தான் 'குழந்தைக் கவிஞர்' அழ. வள்ளியப்பா. உங்கள் தாத்தா பாட்டியிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பள்ளியில் படித்த பாட்டு ஒன்றை உடனே பாடிக் காட்டினாலும் காட்டுவார்கள்!

வள்ளியப்பா பிறந்தது 1922 நவம்பர் 7-ஆம் தேதி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1940-ல் சென்னைக்குப் போய், 'சக்தி' பத்திரிகை அலுவலகத்தில் பணக்கணக்குப் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். கணக்கு எழுதப் போனவருக்கு அங்கே கதை எழுதவும் ஊக்கம் கிடைத்தது. மறு வருடமே இந்தியன் வங்கியில் வேலை கிடைத்தது. 1982-ல் ஓய்வு பெறும்வரை 41 வருடங்கள் வங்கிப் பணி!

வங்கி வேலை என்றால் சும்மாவா? நாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆனால் மற்ற நேரமெல்லாம் அவர் மனம் குழந்தைகளையே சுற்றி வந்தது. 1944-ல் 23 பாடல்களோடு 'மலரும் உள்ளம்' என்ற சிறு நூல் வந்தது. பிறகு காந்தித் தாத்தாவின் வாழ்க்கையையே பாட்டாக எழுதினார். நம் நாட்டு நதிகளைப் பற்றி எழுதினார். தான் மட்டும் எழுதினால் போதாது என்று, குழந்தைகளுக்காக எழுதுபவர்களை ஒன்று சேர்த்து 1950-ல் 'குழந்தை எழுத்தாளர் சங்கம்' தொடங்கவும் முன்நின்றார். ஓய்வு பெற்ற பிறகாவது வீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாரா? இல்லை. 'கோகுலம்' சிறுவர் இதழின் ஆசிரியர் ஆனார்!

"சின்னப் பிள்ளைகளுக்குத்தானே, யார் வேண்டுமானாலும் எழுதலாமே" என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. பெரியவர்களுக்கு எழுதும்போது கடினமான சொல் வந்தால் அவர்கள் அகராதி பார்ப்பார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? புத்தகத்தை மூடிவிட்டு விளையாடப் போய்விடுவீர்கள்! அதனால் சொல் எளிதாக இருக்க வேண்டும். வரி சின்னதாக இருக்க வேண்டும். எதுகையும் மோனையும் தானாக வந்து விழ வேண்டும். ஒரு முறை கேட்டால் வாய் தானாகப் பாட வேண்டும். இது லேசான வேலையா என்ன?

குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தால் பார்ப்பதற்கென்றே தனியாகப் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் குழந்தைகளுக்கான கதையையும் பாட்டையும் பற்றித் தனியாகப் படிக்க வேண்டாமா? வள்ளியப்பா கேட்டதும் அதைத்தான். 1989 மார்ச் 16-ஆம் தேதி மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டத்தில், குழந்தை இலக்கியத்தை ஒரு பாடமாக வைக்க வேண்டும் என்று வலியுறுத்திப் பேசினார். பேசி அமர்ந்தவர் மயங்கிச் சாய்ந்தார். அன்றே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 66.

கடைசிப் பேச்சிலும் தனக்கென்று அவர் எதையும் கேட்கவில்லை. உங்களுக்காகத்தான் கேட்டார்.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. சாகித்ய அகாதெமி 2010 முதல் சிறுவர் நூல்களுக்கென்றே தனி விருது தருகிறது. தமிழுக்கும் அது உண்டு. மதுரையில் 2023-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஆனால் விருதும் கட்டடமும் இருந்தால் மட்டும் போதுமா? புத்தகத்தை எடுத்துப் படிக்கச் சின்னக் கைகள் வேண்டும் அல்லவா?

அது உங்கள் வேலை. இந்த விடுமுறையில் உங்கள் ஊர் கிளை நூலகத்துக்குப் போங்கள். வள்ளியப்பாவின் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் தம்பி தங்கைக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து நீங்களே நான்கு வரி எழுதிப் பாருங்கள். எதைப் பற்றி என்று யோசிக்கிறீர்களா? பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வருவதைப் பற்றி எழுதலாம். கண்மாயில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கைப் பற்றி எழுதலாம். அழகர்மலையில் கையிலிருக்கும் பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடும் குரங்கைப் பற்றியும் எழுதலாம்!

கணக்கு எழுதிய கை பாட்டு எழுதியது. வீட்டுப்பாடம் எழுதும் உங்கள் கையும் எழுதும். முயன்று பாருங்கள்!

அன்புடன்,
ஆசிரியர்