கற்பனைக் கடலும் காற்றின் விதியும்

விளையாட்டு என்றால் விதி உண்டு. கரையில்லாத ஆறு பரவி வற்றுவதுபோல, விதியில்லாத விளையாட்டும் விரைவில் சுவை குன்றிப்போகும். பிறர் வகுத்த விதிப்படி ஆடுதல் எளிது. விதியைத் தாமே வகுத்தல் அரிது. அவ்வரிய கலையைப் பயில விரும்புவோர்க்குக் கப்பலும் கடற்போரும் மிக நல்ல பொருள்கள் என்பது என் கருத்து.

இளைஞர் பலர் விரும்பி ஆடும் மேசையாட்டம் ஒன்று உண்டு. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார், நடுவரும் அவரே. ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் என ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுத் தாம் செய்யக் கருதுவதைச் சொல்லால் கூறுவர். அது கைகூடுமா என்பதைப் பகடை உருட்டி அறிவர். அமெரிக்க நாட்டினரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்றி, 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ இவ்வகை ஆட்டங்களுக்குத் தாய் எனலாம். அதற்கு ஈராண்டு முன்னரே, 1972-இல், அவ்விருவரும் மைக் கார் என்பவரோடு கூடிப் பாய்க்கப்பற் போருக்கென ஒரு விதிநூல் இயற்றியிருந்தனர். 1974-ஆம் ஆண்டு நூலிலும் கடற்போருக்கு இடம் உண்டு. ஆயினும், அச்சிட்ட விதிகள் தம் கதைக்குப் போதா எனக் கண்டு, தாமே கப்பல் விதிகளை வகுத்துக்கொள்வோர் பலர்.

அங்ஙனம் வகுப்போர் பெரும்பாலும் செய்யும் பிழை யாது? நிலத்துப் போரின் விதிகளை அப்படியே நீரின்மேல் ஏற்றிவிடுவதே. நிலத்தில் வீரன் நினைத்த திசையில் நடப்பான். நிற்க விரும்பினால் நிற்பான். கப்பலோ காற்றுக்குக் கட்டுப்பட்டது. சதுரப் பாய் கட்டிய பழைய கப்பல், காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 67 பாகைக்குள் செல்ல இயலாது. எதிர்காற்றில் ஓரிடம் சேரவேண்டுமாயின், வலமும் இடமுமாக மாறிமாறிச் சாய்ந்தே அது செல்லவேண்டும். காற்று வரும் பக்கத்தில் நிற்பவன் தான் விரும்பியபோது போரைத் தொடங்கலாம்; எதிர்ப்பக்கத்தில் நிற்பவனுக்குத் தப்பிச் செல்லுதல் எளிது. ஆதலின், ஆட்டத் தொடக்கத்தில் நான்முகப் பகடையை உருட்டிக் காற்றின் திசையை அறியவேண்டும் என ஒரு விதி செய்தால் போதும். ஆடுவோர் சிந்திக்கத் தொடங்குவர். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. தமிழில் ஆடுவோர் அப்பகடையின் முகங்களுக்குப் பெயர் தேடி அலையவேண்டுவதில்லை!

இரண்டாவது, சுமையின் விதி. பீரங்கி கூடினால் கப்பலின் வலிமை கூடும் என்றுமட்டும் எழுதிவைத்தால், எல்லோரும் பீரங்கிகளை அடுக்கிக்கொண்டே போவர். ஸ்வீடன் நாட்டு மன்னரின் ஆணையால் கட்டப்பெற்ற ‘வாசா’ என்னும் போர்க்கப்பல் 64 பீரங்கிகளைத் தாங்கி, 1628-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள் ஸ்டாக்ஹோம் துறையினின்று முதன்முறையாகப் புறப்பட்டது. அதன் மேற்பகுதி அளவுக்கு மிஞ்சிக் கனத்திருந்தது. ஏறத்தாழ 1,300 மீட்டர் தொலைவே சென்றிருக்கும். ஒரு காற்று வீசக் கப்பல் சாய்ந்தது. திறந்திருந்த பீரங்கி வாயில்களின் வழியே நீர் புகுந்து, துறையிலேயே மூழ்கிற்று. பகைவன் எவனும் அதைத் தாக்கவில்லை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்னும் உண்மையை விதியில் அமைக்காதவன், தன் ஆட்டத்தையும் அவ்வாறே மூழ்கடிப்பான்.

மூன்றாவது, ஆளின் விதி. பண்டைக் கிரேக்கரின் முவ்வரிசைத் துடுப்புப் போர்க்கலம் ஒன்றை 170 பேர் வலித்தனர். அவர்கள் களைத்தால் கலமும் களைக்கும். மேசையிலோ, மீகாமன் ஒருவனே கட்டளையிட, ஏனைய நால்வர் கைகட்டி வாளா இருக்கக் காண்கிறோம். இது நன்றன்று. பாய் திருப்ப ஒருவன், சுக்கான் பிடிக்க ஒருவன், ஓட்டை அடைக்க ஒருவன், எதிரியை உற்றுநோக்க ஒருவன் என ஒவ்வொருவர்க்கும் ஒரு பொறுப்பு அமைதல் வேண்டும். கப்பலில் வெறும் பார்வையாளனுக்கு இடமில்லை.

“மந்திரமும் பறவைநாகமும் உலவும் கற்பனை உலகில் உண்மைக் காற்றும் சுமையும் எதற்கு?” எனச் சிலர் வினவுவர். மந்திரவாதி ஒரு சொல்லால் காற்றைத் திருப்பிவிடலாம் என்றால், பாய் கட்டும் கலையை எவர் கற்பர்? அவன் நாளுக்கு ஒருமுறையே, சிறிது நேரத்திற்கே, காற்றைத் திருப்ப இயலும் என்று வரையறுத்துப் பாருங்கள். அந்த ஒருமுறை எப்போது என்பதே கதையின் உயிராகிவிடும். நம் தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டும் கலந்ததையே புலவர் நெறியாகக் கொண்டார். ஆட்டத்திற்கும் அந்நெறி பொருந்தும்.

இதை வீண்பொழுது என இகழவேண்டா. இரண்டாம் உலகப்போரில், 1942-ஆம் ஆண்டு, கில்பர்ட் ராபர்ட்ஸ் என்னும் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி லிவர்ப்பூல் நகரில் ஒரு பயிற்சிக்கூடம் அமைத்தார். கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள் அவருக்குத் துணைநின்றனர். தரையே கடல்; அதில் சிறு மாதிரிக் கப்பல்கள். ஆடுவோர் திரைக்குப்பின் நின்று சிறு துளை வழியே நோக்குவர். நடுக்கடலில் ஒரு மாலுமி காணக்கூடிய அளவே அவர்களுக்குப் புலப்படும். நீர்மூழ்கிக் கப்பல்களை எதிர்க்கும் முறைகள் அவ்வாட்டத்தில் ஆராயப்பெற்றன. ஏறத்தாழ 5,000 அதிகாரிகள் அங்குப் பயின்று கடல் சென்றனர். விதிகள் உண்மையோடு ஒட்டியிருந்தமையால் அன்றோ அவ்வாட்டம் பயன்பட்டது?

இலக்கியம் முன்னே தோன்றியது; அதைக் கண்டே இலக்கணம் அமைந்தது. அதுபோலக் கப்பலின் இயல்பை முதலில் அறிந்து, பின்னரே விதி எழுதுங்கள். நூறு விதி வேண்டா. காற்று, சுமை, ஆள் என்னும் மூன்று போதும். எழுதியதை ஆடிப் பாருங்கள். பழுது கண்டால் அனைவரும் கூடித் திருத்துங்கள். ஆனால் ஆட்டத்தின் நடுவே, தோற்கும் நிலையில், தமக்கு ஏற்ப விதியை மாற்றாதீர்கள். தாம் வகுத்த விதிக்குத் தாமே அடங்கி நடப்போர்மீது பிறர் நம்பிக்கை வைப்பர். மேசையில் பெறும் அப்பழக்கம் நாளை ஊரவையிலும் நாட்டவையிலும் உங்களுக்கு உறுதுணையாகும்.