பேசிக்கொண்டு ஓடும் தூரம்

மரதன் ஓட்டம் தனிமையின் விளையாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். 42.195 கிலோமீற்றரையும் ஒருவர் தன் சொந்தக் கால்களால்தான் ஓடி முடிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதற்கான பயிற்சி தனிமையில் நடப்பதல்ல என்பதே என் கருத்து. வாரம் ஒருமுறை செய்யும் நீண்ட ஓட்டத்தில் வேகம் கூடக்கூடாது. பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சிரைக்காமல் பேச முடிகிறதா, அதுதான் சரியான வேகம் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். அப்படியென்றால் பேச்சும் பயிற்சியில் ஒரு பகுதிதானே! பேச்சுக்குப் பஞ்சமில்லாத எமக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு ஏது?

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் சாச்சி, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு தனது முதல் மரதனுக்குத் தயாராகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுபஹ் தொழுதுவிட்டு, அயல்வீட்டுத் தமிழ் அன்ரியையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வருவார். மரைன் டிரைவ் வழியாகக் காலிமுகத்திடல் வரை போய்த் திரும்புவோம். எனக்கு ஒரு சுற்று மட்டும்தான். உயர்தரம் படிப்பவளுக்கு உம்மா அனுமதித்த தூரம் அவ்வளவே.

உம்மாவின் குடும்பம் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தது. 1990 ஒக்டோபர் 30 அன்று, இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள். சாச்சிக்கு அப்போது எட்டு வயது. அன்ரியோ 1995 ஒக்டோபர் 30 அன்று, வலிகாமமே இடம்பெயர்ந்த அந்த இரவில், தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர். அதே மாதம், அதே திகதி, ஐந்து வருட இடைவெளி. பெருநாளுக்கு வட்டலப்பமும் தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும் இரு வீட்டுக்கும் இடையே பல வருடங்களாகப் போய் வந்திருக்கின்றன. ஆனால் இந்தத் திகதி ஒருநாளும் பேச்சில் வந்ததில்லை. பம்பலப்பிட்டியைத் தாண்டி ஓடும்போதுதான் வந்தது. சிறிது தூரம் இருவரும் பேசவில்லை. பிறகு அன்ரி சொன்னார்: "அண்டைக்குத் திரும்பி வருவமோ எண்டு தெரியாது. இதிலை திரும்பி வருவம் எண்டு தெரிஞ்சுதானே ஓடுறம்."

ஏறத்தாழ 30 கிலோமீற்றரைக் கடக்கும்போது உடலில் சேமித்து வைத்த கிளைக்கோஜன் தீரத் தொடங்கும் என்பது உயிரியல் படிப்பவர்களுக்குத் தெரியும். கால்கள் கல்லாகும் இடம் அது. சாச்சி முதன்முறை அந்தத் தூரத்தைத் தொட்ட நாளில் அன்ரியிடம் கேட்டது தண்ணீரை அல்ல. "அந்தப் பாலத்தை இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றுதான் கேட்டாராம்.

நவீன ஒலிம்பிக்கில் 1896இலேயே மரதன் ஓட்டம் இருந்தும், பெண்களுக்கு அந்த ஓட்டம் கிடைத்தது 1984இல்தான். பெண் உடம்பு அவ்வளவு தூரம் தாங்காது என்றார்கள். 1967இல் பொஸ்டன் மரதனில் 261ஆம் இலக்கத்தோடு ஓடிய கத்ரின் சுவிட்சரை அதிகாரி ஒருவர் பாதையிலேயே பிடித்து இழுத்து, அந்த இலக்கத்தைப் பிய்த்தெடுக்கப் பார்த்தார். அவரைத் தள்ளிவிட்டது கூட ஓடிய ஒருவர். இந்தக் கதையைச் சொல்பவர்கள் சுவிட்சரின் துணிவை மட்டுமே சொல்கிறார்கள். பக்கத்தில் ஆள் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பேன்.

எமக்குள்ளும் ஒரு கதை உண்டு. ஆயிஷா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் போட்டியில் ஓடி, ஒருமுறை வென்று, பின்னொருமுறை தோற்ற கதை. பயான்களில் அதைக் கணவன் மனைவி அன்புக்கு உதாரணமாகக் கேட்டிருக்கிறோம். ஒரு பெண் ஓடினார் என்பதற்கு உதாரணமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பெற்றோரின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. விடியற்காலையில் பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது என்பது நியாயம். அதற்காகத்தான் கூட்டமாக ஓடுகிறோம். ஆனால் 'பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்' என்ற காரணத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். இந்தப் பேச்சுக்காகவே என் வகுப்புத் தோழி ஒருத்தி மூன்றாவது வாரத்தோடு நின்றுவிட்டாள். அவளுடைய உம்மாவுக்கு ஒரு வேண்டுகோள்: அவளை நிறுத்த வேண்டாம், நீங்களும் கூட வாருங்கள். ஓட வேண்டும் என்றில்லை, நடக்கலாம்.

என் உம்மா போன மாதத்திலிருந்து நடக்க வருகிறார். 1990ஐப் பற்றி வீட்டில் வாய் திறக்காதவர் அவர். சோனகத் தெரு வீட்டு முற்றத்தில் நின்றது மாதுளையா கொய்யாவா என்று அவருக்கும் சாச்சிக்கும் இன்னும் தகராறு தீரவில்லை.