கைப்பட்டைக்கு அப்பால்

மெக்சிகோவின் கான்கூன் கடற்கரை விடுதிகளில் விருந்தினர் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். உணவு, பானம், நீச்சல் குளம் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடும். குழந்தைகளோடு செல்லும் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி. நாங்களும் அப்படித்தான் தங்கினோம்.

ஓய்வெடுப்பதை நான் குறை கூறவில்லை. ஆனால், கான்கூன் சுற்றுலா நகரம் 1970-களில் அரசுத் திட்டத்தால் எழுந்தது; மண்ணோ மாயா மக்களின் பழம்பெரும் மண். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாயா மொழி பேசுவோர் 7 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தேசிய மொழிகளுள் ஒன்றாக ஏற்றது. எங்கள் விடுதியிலோ அம்மொழி பெயர்ப்பலகைகளில் மட்டுமே தெரிந்தது.

அறையைத் துப்புரவு செய்ய வந்த அம்மையாரிடம் என் தங்கை, “தியோஸ் போஓதிக்” என்று மாயா மொழியில் நன்றி சொன்னாள். அவர் முகம் மலர்ந்து, இன்னும் நான்கு சொற்களைக் கற்றுக்கொடுத்தார். ஒரு வாரத்தில் எங்களுக்குக் கிடைத்த உண்மையான அறிமுகம் அதுவே.

சிறுபான்மை மொழியோடு வளர்ந்த நமக்கு இதன் அருமை தெரியும். எனவே நண்பர்களே, விடுமுறையில் ஒரு நாளாவது விடுதி வாசலைத் தாண்டுவோம். போகும் மண்ணின் மொழியில் நன்றி சொல்லவாவது நம் வீட்டுப் பிள்ளைகளைப் பழக்குவோம்.