ஜன்னலோரத்தில் ஒரு கைப்பேசி

அண்மையில் கிள்ளானில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்குமாடியில் நான்காவது மாடி. படிவம் 3 படிக்கும் அவர்களின் மகள் கைப்பேசியை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டுக் காவலுக்கு நின்றாள். “அறிவியல் பாடத்துக் காணொளி ஏறிக்கிட்டு இருக்கு மாமா, தொட்டுடாதீங்க” என்றாள். மேசையில் வைத்தால் ஏறாதாம். இத்தனைக்கும் திரையில் மூன்று கோடுகள் தெரிந்தன.

2020 ஆகஸ்டில் அரசாங்கம் அறிவித்த இணைய விரிவாக்கத் திட்டத்தின் பெயரும் ஜன்னல்தான். ‘ஜாலினான் டிஜிட்டல் நெகாரா’ என்பதன் சுருக்கமான ஜென்டேலாவுக்கு மலாயில் அதுவே பொருள். (நம் ஜன்னலும் மலாயின் ஜென்டேலாவும் ஒரே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை.)

2022 இறுதிக்குள் எட்ட வேண்டியவை என்று அதன் முதல் கட்டம் மூன்று இலக்குகளை வைத்தது. மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி சேவை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காடாக வேண்டும். கைப்பேசி இணையத்தின் சராசரி வேகம் விநாடிக்கு 25 மெகாபிட்டிலிருந்து 35 ஆக வேண்டும். அதிவேக ஒளியிழை இணையம் கிடைக்கக்கூடிய கட்டடங்கள் 75 லட்சமாக வேண்டும். இவை எட்டப்பட்டன. 2020 ஜூனில்தான் சபாவின் பித்தாஸில் ஒரு மாணவி இணையத் தேர்வெழுத மரத்தின் மேல் இரவைக் கழித்திருந்தார். அதை நினைத்தால் இது சின்ன வேலையில்லை.

ஆனாலும் இந்த எண்கள் எதை அளக்கின்றன என்று பாருங்கள். 96.9 என்பது பகுதிக்குக் கிடைத்த மதிப்பெண். உங்கள் படிப்பு மேசைக்குச் சிக்னல் எட்டுகிறதா என்பதை அது சொல்லாது. 75 லட்சம் கட்டடங்கள் என்றால் ஒளியிழை வாசல்வரை வந்துவிட்டது, விரும்பினால் இணைப்பு வாங்கலாம் என்று பொருள். மாதக் கட்டணம் கட்ட முடியாத வீட்டையும் அது கடந்துதான் போகிறது.

மேசைக்கு ஏன் எட்டவில்லை? இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் சுவர் ரேடியோ அலையைப் பெரிதும் தடுக்கிறது. சாதாரணக் கண்ணாடி அவ்வளவு தடுப்பதில்லை. அதிர்வெண் கூடக் கூட இந்த இழப்பும் கூடும். 2021 டிசம்பரில் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயாவில் தொடங்கிய 5ஜி சேவையையே எடுத்துக்கொள்ளலாம். அது பயன்படுத்தும் 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 செ.மீ. 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையோ 9 செ.மீ.கூட இல்லை. நீண்ட அலை சுவரைத் தாண்டி உள்ளே வரும், ஆனால் குறைந்த தரவையே சுமக்கும். குட்டை அலை நிறையச் சுமக்கும், சுவரில் சோர்ந்துவிடும். பிரிக்பீல்ட்ஸின் உயர்ந்த அடுக்குமாடிகளுக்குள்ளும் இதே கதைதான்.

இன்னொன்றும் உண்டு. கோபுரம் பத்துக்கணக்கான வாட் ஆற்றலில் பேசுகிறது. கைப்பேசி திருப்பிப் பேசுவது சுமார் 0.2 வாட்டில். அதனால் கோபுரம் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அதற்குச் சரியாகக் கேட்காது. திரையில் தெரியும் கோடுகள் நமக்கு வந்து சேரும் சிக்னலை மட்டுமே காட்டும். பாடம் பார்க்க முடிகிறது, வீட்டுப்பாடம் ஏற்ற முடிவதில்லை என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இலக்கில் உள்ள 35 மெகாபிட்டோ பதிவிறக்க வேகம். ஒப்படைப்பை அனுப்பவேண்டிய மாணவருக்குப் பதிவேற்ற வேகத்திலும் ஓர் இலக்கு வேண்டாமா?

கருவி இல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2020இல் கல்வி அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னணுக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. கோபுரக் கணக்கோடு இந்தக் கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பேன்.

வீட்டுக்குள் எவ்வளவு எட்டுகிறது என்பதை உங்கள் பள்ளி அறிவியல் கழகமே அளந்துவிடலாம். வேகம் அளக்கும் செயலி ஒன்று போதும். ஒரே கைப்பேசியை ஜன்னலோரம், கூடத்தின் நடு, படிப்பு மேசை என்று மூன்று இடங்களில் வையுங்கள். மாலை 4 மணிக்கும் இரவு 9 மணிக்கும் அளந்து, பதிவேற்றத்தைத் தனியாகக் குறியுங்கள். முப்பது வீடுகளின் அட்டவணை சேர்ந்ததும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு அனுப்பிவையுங்கள். நான்காவது மாடிப் பெண்ணிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். “முதல்ல இது ஏறட்டும் மாமா” என்றாள்.