வண்டி வைத்தியம்: ஹாரன் ஊமையானால் முதலில் எங்கே பார்க்கணும்?

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும். தேனி பஸ், திண்டுக்கல் பஸ், ஷேர் ஆட்டோ, கரிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வரும் எக்ஸ்.எல். என ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் கத்தும். இத்தனை சத்தத்துக்கு நடுவே குரலே இல்லாமல் வரும் ஒரு பழைய வண்டியை யாரும் கவனிப்பதில்லை. ஆபத்து அங்கேதான். பஸ் திரும்பும்போது அதன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டவருக்கு அந்த ஒரு நொடியில் ஹாரன்தான் உயிர்.

ஆனால், ஹாரன் அடிக்கவில்லை என்றதும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். நேராகக் கடைக்குப் போய்ப் புது ஹாரன் வாங்கி மாட்டுவது. இரண்டு நாள் அடிக்கும். மூன்றாம் நாள் மறுபடி ஊமை. காரணம், கெட்டுப்போனது ஹாரனாக இருக்காது. சுவிட்ச், வயர், எர்த் என வேறு ஏதாவதாக இருக்கும். புது ஹாரனுக்குக் காசு கொடுப்பதற்கு முன் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இதோ.

உள்ளே என்னதான் இருக்கிறது?

பேட்டரியில் ஓடும் சாதாரண ஹாரனுக்குள் இருப்பது ஒரு காயில், ஒரு மெல்லிய இரும்புத் தகடு, ஒரு ஜோடி பாயின்ட். பட்டனை அழுத்தியதும் காயில் காந்தமாகித் தகட்டை இழுக்கும். தகடு உள்ளே வந்ததும் பாயின்ட் பிரிந்து மின்சாரம் நிற்கும். தகடு பழைய இடத்துக்குத் திரும்பும்; பாயின்ட் மறுபடி சேரும். இது ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. அந்த அதிர்வுதான் நம் காதில் ஹாரன் சத்தமாக விழுகிறது. பாயின்ட் கருகினாலோ, தகடு துருப்பிடித்தாலோ, உள்ளே தண்ணீர் புகுந்தாலோ குரல் கம்மிவிடும்.

பேட்டரி இல்லாத வண்டியா?

பழைய வண்டி என்றால் முதல் கேள்வி இதுதான். மதுரையில் 1911-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்திலிருந்து 1980-ல் ஓசூரில் பிறந்தது டி.வி.எஸ்.-50 மொபெட். அந்த வழியில் வந்த பழைய எக்ஸ்.எல். வண்டிகள் பலவற்றிலும், பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர்களிலும் பேட்டரியே கிடையாது. இன்ஜின் சுற்றும்போது மேக்னெட் தரும் ஏ.சி. மின்சாரத்தில்தான் ஹாரன் அடிக்கும்.

இது தெரியாமல் மெக்கானிக்கிடம் போனால் உரையாடல் இப்படித்தான் போகும்.

"அண்ணே, ஹாரன் அடிக்கவே மாட்டேங்குதுண்ணே."

"வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு அடிச்சியா, நிப்பாட்டிட்டு அடிச்சியா தம்பி?"

"நிப்பாட்டிட்டுத்தான்..."

"அப்ப எப்பிடிப்பா அடிக்கும்? ஸ்டார்ட் பண்ணு மொதல்ல!"

இந்த வண்டிகளில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஹாரன் முனகுவது இயல்பு. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கியதும் சத்தம் கூடினால் பெரும்பாலும் பழுது இல்லை. இன்னொரு விஷயம், ஏ.சி. ஹாரனும் டி.சி. ஹாரனும் ஒன்றல்ல. ஏ.சி. ஹாரனை பேட்டரியில் தொட்டுப் பார்த்தால் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். அதைப் பார்த்து 'ஹாரன் போச்சு' என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதிதாக வாங்கும்போதும் எந்த வண்டி, எந்த மாடல் என்று சொல்லியே வாங்குங்கள். பழைய புல்லட், யெஸ்டி போன்ற சில வண்டிகள் 6 வோல்ட்டில் ஓடியவை. அவற்றில் 12 வோல்ட் ஹாரனை மாட்டினால் முனகும். 12 வோல்ட் வண்டியில் 6 வோல்ட் ஹாரனை மாட்டினால் காயில் கருகும்.

சத்தமே சொல்லும் நோய்

* சுத்தமாகச் சத்தமே இல்லை: ஃபியூஸ், சுவிட்ச், அறுந்த வயர், கழன்ற எர்த் ஆகியவற்றில் ஒன்று.
* 'டிக்' சத்தம் மட்டும்: மின்சாரம் வருகிறது. தகடு துருப்பிடித்திருக்கலாம், பாயின்ட் ஒட்டியிருக்கலாம், அல்லது பேட்டரி இறங்கியிருக்கலாம்.
* கரகரப்பான, கம்மிய குரல்: பேட்டரி பலவீனம், துருப்பிடித்த இணைப்பு, அல்லது ஹாரன் வண்டியின் உடம்பில் எங்கோ உரசுகிறது.
* ஹேண்டில்பாரைத் திருப்பினால் மட்டும் அடிக்கிறது: ஹேண்டில் கழுத்துப் பகுதியில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. பழைய வண்டிகளில் மிகச் சாதாரணமாக வரும் பழுது இது.
* தானாகவே அடித்துக்கொண்டே இருக்கிறது: பட்டன் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது வயர் தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது. காரில் ரிலே ஒட்டிக்கொண்டாலும் இப்படி ஆகும். உடனே ஹாரன் வயரைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய முனை எதையும் தொடாதபடி டேப் சுற்றுங்கள்.

ஒரு பல்பு போதும்!

இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு, ஹோல்டர், இரண்டு வயர். இதுதான் டெஸ்ட் லேம்ப்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். சாவியைப் போட்டு, ஹெட்லைட்டை எரியவிட்டு, ஹாரனை அழுத்துங்கள். விளக்கு சட்டென்று மங்கினால் பேட்டரியைச் சார்ஜ் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து, கொஞ்சம் வாசலின் தடவுங்கள். அடுத்து ஃபியூஸ். பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் ஃபியூஸ்கூட முனையில் துருப்பிடித்து ஏமாற்றும். கழற்றி, துடைத்து மாட்டுங்கள்.

பிறகு ஹாரனிலிருந்து இரண்டு வயர்களையும் கழற்றி, அவற்றுக்கு நடுவே டெஸ்ட் லேம்ப்பை மாட்டி ஹாரன் பட்டனை அழுத்துங்கள். பேட்டரி இல்லாத வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு இதைச் செய்யணும். பல்பு பளிச்சென்று எரிந்தால் வயரிங் கிட்டத்தட்ட சரி. சந்தேகம் ஹாரன் மேல்தான்.

எரியவில்லையா? பேட்டரி வண்டியில் அடுத்த சோதனை. லேம்ப்பின் ஒரு முனையை பெயின்ட் இல்லாத இரும்பில் வையுங்கள். மறுமுனையால் ஹாரன் வயர்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள்.

* பட்டனை அழுத்தாமலே ஒரு வயரில் எரிந்தால், மின்சாரம் ஹாரன் வரை வந்துவிட்டது. பழுது சுவிட்சிலோ, சுவிட்ச் பக்க வயரிலோ இருக்கிறது.
* அழுத்தும்போது மட்டும் எரிந்தால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது. எர்த் வயரில்தான் கோளாறு.
* எப்படியும் எரியவில்லை என்றால் ஃபியூஸிலிருந்து ஹாரன் வரை வரும் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது சுவிட்ச் செத்துவிட்டது.

சுவிட்ச்தான் காரணம் என்றால் அதைக் கழற்றி, உள்ளே இருக்கும் செம்பு முனைகளை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாலே பல நேரம் உயிர் வந்துவிடும். வருஷக்கணக்கில் வெயிலும் மழையும் புழுதியும் சேர்ந்து அங்கே ஒரு படலம் படிந்திருக்கும். கழற்றும்போது குட்டி ஸ்பிரிங் தெறித்து ஓடும். கீழே ஒரு துணியை விரித்துவிட்டு வேலை செய்யுங்கள்.

ஹாரன்தான் குற்றவாளியா?

பல்புக்குக் குறைந்த மின்சாரம் போதும். ஹாரனுக்கு அதைவிட அதிகம் வேண்டும். எனவே பல்பு எரிந்தாலும், ஹாரனைத் தூக்கிப் போடும் முன் ஒரு கடைசிச் சோதனை. இரண்டு தடித்த வயர்களை முதலில் ஹாரனில் மாட்டி, அதன் பிறகு பேட்டரியில் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். பொறி பறக்கும் என்பதால் பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். இந்தச் சோதனை டி.சி. ஹாரனுக்கு மட்டும்தான். இதில் கணீரென்று அடித்தால் ஹாரன் நல்ல ஹாரன். துருப்பிடித்த இணைப்பைத் தேடுங்கள்.

அப்போதும் முனகினால் ஹாரனின் பின்பக்கம் இருக்கும் சிறிய திருகைப் பாருங்கள். கால் சுற்றுக்கும் குறைவாக, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு நொடி அடித்துப் பாருங்கள். சத்தம் தெளிவான இடத்தில் நிறுத்திவிடுங்கள். அளவுக்கு மீறித் திருகினால் பாயின்ட் பிரியாமல் ஒட்டிக்கொண்டு காயில் கருகிவிடும். மாட்டும்போது ஹாரன் தன் பட்டையில் மட்டும் தொங்கணும். மட்கார்டிலோ ஃபிரேமிலோ உரசினால் புது ஹாரனும் கம்மும். வாய் மேல்நோக்கி இருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே தேங்கும்.

காருக்கு மட்டும்

பழைய கார்களில் சுவிட்சுக்கும் ஹாரனுக்கும் நடுவே ரிலே இருக்கும். பட்டனை அழுத்தும்போது ரிலேயில் 'டிக்' கேட்டால் பட்டன் வேலை செய்கிறது என்று அர்த்தம். சில ஹாரன்களில் ஒரே ஒரு வயர்தான். எர்த் அதன் இரும்புப் பட்டை வழியாகப் போகிறது. அந்தப் பட்டை துருப்பிடித்தாலே சத்தம் நின்றுவிடும். சுரண்டி இறுக்கினால் போதும். ஏர்பேக் இருக்கும் காரில் மட்டும் ஸ்டீயரிங்கை நீங்களாகக் கழற்றவே வேண்டாம். ஹாரனும் போய், ஏர்பேக் விளக்கும் எரிந்தால் ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் சுருள் கேபிள் அறுந்திருக்கலாம். அது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை.

சத்தம் வந்தாச்சு... அடுத்து?

'இவ்வளவு பாடுபட்டதற்குப் பெரிய ஹாரனாகவே மாட்டிவிடலாமே' என்று தோன்றும். வேண்டாம். அதிக மின்சாரம் இழுக்கும் ஹாரனை ரிலே இல்லாமல் பழைய வயரிங்கில் மாட்டினால் சுவிட்ச் முனைகள் கருகும். அதோடு, பல குரலில் மாறி மாறி ஒலிப்பதும், காதைக் கிழிப்பதுமான ஹாரன்களுக்கு 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-வது விதி தடை போடுகிறது. தேவையில்லாமலோ, தொடர்ச்சியாகவோ, தடை செய்யப்பட்ட இடத்திலோ ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவின்படி முதல்முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம். குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அவசரம் தவிர ஹாரன் அடிக்கக் கூடாது.

அதற்காக ஹாரனே இல்லாமல் ஓட்டலாமா என்றால், அதுவும் கூடாது. 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோனால் பிரேக், விளக்கு போலவே ஹாரனையும் பார்ப்பார்கள். அதைவிட முக்கியம், வளைவில் எதிரே வரும் ஆளுக்கு நீங்கள் வருவது தெரியணும்.

வாரம் ஒருமுறை வண்டியைத் துடைக்கும்போது ஹாரனை ஒரே ஒரு முறை அழுத்திப் பாருங்கள். குரல் மாறியிருந்தால் அன்றைக்கே சுவிட்சையும் எர்த்தையும் சுத்தம் செய்துவிடுங்கள். முழுசாக ஊமையாகும்வரை காத்திருந்தால் அது நடுரோட்டில்தான் தெரியவரும்.