மூச்சுப் பயிற்சியும் ஒரு முக்காலியும்

மன அழுத்தம் குறைய வழி சொல்லும் கட்டுரைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஆளை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. அவருக்கு வீட்டில் தனி அறை உண்டு. விடிகாலையில் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. விடுப்பு கேட்டால் கிடைத்துவிடுகிறது. எனவே அவர் ஐந்து மணிக்கு எழுந்து தியானம் செய்யலாம், பிடித்த பாட்டைக் கேட்கலாம், கோடையில் கொடைக்கானல் போய் வரலாம். நாலரை மணிக்கே எழுந்து குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, ஏழரை மணி பஸ்ஸில் தொற்றிக்கொள்ளும் பெண்ணுக்கு அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இருக்காது. இந்த இருவரில் டென்ஷன் யாருக்கு அதிகம் என்பதைச் சொல்ல எந்த நிபுணரும் தேவையில்லை.

அதற்காக அந்த யோசனைகள் எல்லாம் வெறும் பேச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. காசு செலவில்லாமல், ஐந்தே நிமிடத்தில் பலன் தருபவை சில உண்டு. மூச்சு அதில் முதலாவது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும்; வேகஸ் நரம்பின் வேலை அது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மூன்று வகை மூச்சுப் பயிற்சிகளையும் தியானத்தையும் தினம் ஐந்து நிமிடம் வீதம் ஏறக்குறைய ஒரு மாதம் செய்துபார்க்கச் சொன்னார்கள். மனநிலையை அதிகம் தெளிவாக்கியது பெருமூச்சுப் பயிற்சிதான். மூக்கால் மூச்சை இழுத்து, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் இழுத்து, வாய் வழியே நீளமாக, மெதுவாக விட வேண்டும். அவ்வளவுதான். பாய் விரிக்க வேண்டாம், கண்ணை மூட வேண்டாம். கிண்டி சிக்னலில் பஸ் நிற்கும் நேரம் போதும்.

படுத்ததும் தூக்கம் வராமல் மறுநாள் வேலைகள் மனதுக்குள் ஊர்வலம் போகிறவர்களுக்கு, பிள்ளைகள் பாதி எழுதிவிட்டுப் போட்ட நோட்டு ஒன்று உதவும். டெக்சஸில் உள்ள பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்துச் சோதித்தார்கள். முடிவு 2018-ல் வெளியானது. பாதிப் பேர் படுக்கும் முன் ஐந்து நிமிடம், இனிச் செய்யவேண்டிய வேலைகளை எழுதினார்கள். மீதிப் பேர் முடித்துவிட்ட வேலைகளை எழுதினார்கள். முதல் குழுவினர் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். ஒவ்வொரு வேலையையும் எவ்வளவு விவரமாக எழுதினார்களோ, அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. ஆகவே ‘நாளைக்கு நிறைய வேலை’ என்று எழுதிப் பயனில்லை. ‘காலையில் கேஸ் புக் பண்ண வேண்டும், சின்னவனுக்கு ஸ்கூல் ஃபீஸ், மத்தியானம் ரேஷன் கடை, அம்மாவுக்குச் சுகர் மாத்திரை’ என்று எழுத வேண்டும்.

செல்போன் விஷயத்தில் ஊரே சொல்லும் அறிவுரை, அதை அணைத்துவிடு என்பது. இது பாதிதான் சரி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வில், ஒரு வாரம் முழுக்க நாளுக்கு மூன்று முறை மட்டும் மின்னஞ்சல் பார்த்தவர்களுக்கு, இஷ்டம்போல் பார்த்த வாரத்தைவிட அழுத்தம் குறைந்திருந்தது. ஆனால் 2019-ல் வெளியான இன்னொரு ஆய்வில், அறிவிப்புகள் அடியோடு நிறுத்தப்பட்டவர்களுக்குப் பதற்றம் கூடியது. நாளுக்கு மூன்று முறை மொத்தமாக அறிவிப்புகள் வந்து சேர்ந்தவர்களே நிம்மதியாக இருந்தார்கள். பிள்ளையின் பள்ளியிலிருந்து எப்போது போன் வருமோ என்று இருக்கும் தாயிடம் போய் போனை அணைக்கச் சொல்வது நியாயமும் இல்லை. அழைப்பு வரட்டும், அபார்ட்மென்ட் குரூப்பும் ஆபீஸ் குரூப்பும் குட்மார்னிங் ரோஜாப்பூக்களும் மட்டும் மதியம் வரை காத்திருக்கட்டும்.

மாலை டீக்கும் ஒரு வார்த்தை. உடலுக்குள் போன கஃபீனில் பாதி கழிவதற்கே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு டீ குடித்தவருக்கு இரவு பதினொன்றுக்கும் அதில் பாதி மிச்சம் இருக்கிறது. நடைப்பயிற்சியின் நன்மையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தமிழக அரசே 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்திருக்கிறது. நடைபாதை முழுக்க டூவீலர் நிற்கும் தெருக்களில் அந்த எட்டு கிலோமீட்டரை எங்கே தேடுவது என்பது வேறு கதை.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால் அதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தல்ல. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும், கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

இவை அனைத்தும் வந்த அழுத்தத்தை இறக்கிவைக்கும் வழிகள். அது எங்கிருந்து வருகிறது என்று தேடியவர்களில் முக்கியமானவர் பிரிட்டனின் மைக்கேல் மார்மட். அவர் பங்கேற்ற, லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967-ல் தொடங்கிய வொயிட்ஹால் ஆய்வு, எல்லோரும் நம்பியிருந்த ஒன்றைத் தலைகீழாக்கியது. மாரடைப்பு என்பது பெரிய பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளின் நோய் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். கடைசிப் படியில் இருந்த கதவுக் காவலர்களும் கடிதம் கொண்டுபோகும் ஊழியர்களும் இதய நோயால் இறப்பது, மேல்படி அதிகாரிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று தெரியவந்தது. புகைப்பழக்கம், ரத்தக்கொதிப்பு போன்றவற்றைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. 1985-ல் 10,308 பேருடன் தொடங்கிய இரண்டாவது ஆய்வு ஒரு முக்கியக் காரணத்தைக் காட்டியது: தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை யாருக்குக் குறைவோ, அவருக்கு இதய நோய் ஆபத்து அதிகம்.

அந்த உரிமை துளியும் இல்லாத வேலையைப் பார்க்க லண்டன் போக வேண்டாம், ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்தால் போதும். தி.நகர் ரங்கநாதன் தெரு ஊழியர்களின் வாழ்க்கையை 2010-ல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் திரைக்குக் கொண்டுவந்தது. பட்டுப் பிரிவில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்து நாற்பது புடவைகளைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “வேற கலர் இல்லையா?” என்று எழுந்து போகும். விற்பனைப் பெண் ஒவ்வொன்றையும் பழைய மடிப்பு கலையாமல் மடித்து, அட்டை வைத்து, ரகம் பிரித்து அடுக்குவார். எதிரே வாடிக்கையாளருக்கான மெத்தை ஸ்டூல் காலியாகத்தான் கிடக்கும். அதில் அவர் உட்காரக் கூடாது. சுவரில் சாய்ந்து நின்றால்கூட சூப்பர்வைசரின் பார்வை திரும்பும். தலைக்கு மேலே கேமரா வேறு. கழிப்பறைக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டும். பண்டிகைக் காலத்தில் இப்படிப் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவரின் காலில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் இதற்கு எதிராகக் குரல் எழுப்பியவர் விஜி என்ற தையல் தொழிலாளி. கடைப் பெண்களைத் திரட்டி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை உருவாக்கினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு இருக்கை கேட்டார்கள். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2018-ல் கேரள அரசு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் கொண்டுவந்த மசோதா, 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதே அதன் சாரம். நாட்டில் ஆயிரம் யோகா முகாம்கள் நடந்திருக்கலாம். அன்றாட அழுத்தத்தைக் குறைக்க அண்மைக் காலத்தில் இங்கே எடுக்கப்பட்ட உருப்படியான நடவடிக்கை இந்தச் சில வரிச் சட்டம்தான்.

ஊழியர் உட்கார்ந்திருந்தால் வியாபாரம் படுத்துவிடும், கஸ்டமர் மரியாதைக் குறைவாக நினைப்பார் என்பது முதலாளிகள் தரப்பு வாதம். கல்லாவில் முதலாளி உட்கார்ந்துகொண்டுதான் பணம் வாங்குகிறார். அதை எந்தக் கஸ்டமரும் மரியாதைக் குறைவாக நினைத்ததில்லை.

எதிர்த்திசையிலும் இழுபறி நடக்கிறது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டப்பேரவையிலேயே நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்த பிறகு, அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் மே தினத்தன்று அறிவித்தார். வேலை நேரம் முடிந்த பின் அலுவலக அழைப்புகளை மறுக்கும் உரிமை பிரான்ஸில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 முதலும் சட்டமாக இருக்கிறது. இங்கே எம்.பி. சுப்ரியா சுலே 2018-ல் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

வீட்டுக்குள்ளும் இதே கணக்குதான். 2019-ல் எடுக்கப்பட்ட மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். மனைவிக்கு டென்ஷன் குறைய தியான ஆப் டவுன்லோடு செய்து கொடுக்கும் கணவர், இரவுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் அரை மணி நேரம் உடனே மிச்சம்.

தீபாவளி, பொங்கல் விற்பனை சூடுபிடிக்கும் முன்பே தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் கடை கடையாக ஏறி ஸ்டூலை எண்ணிப் பார்க்க வேண்டும்; இல்லாத கடைகளின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். வாசகர்களும் அடுத்த முறை ஜவுளி எடுக்கப் போகும்போது, “நீங்களும் உட்காருங்கம்மா, மெதுவா காட்டுங்க” என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். பில் போடும் முன் மேனேஜரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இவங்களுக்கு சீட் எங்கேங்க?”